கூட்டை நெருங்க வேண்டாம்

சகோதரியே! கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில் மீன் வள்ளங்களுக்கு மேலே வட்டமிடும் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செம்மண் நிறம் என்றால் அது செம்பருந்து. அதைவிடப் பெரிதாய், வயிறு வெள்ளையாய், முதுகு சாம்பலாய் இருந்தால் கடற்கழுகு.

கடற்கழுகு உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கட்டிய கூட்டையே ஆண்டுதோறும் செப்பனிட்டுக் கொள்ளும். இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டை. அநேகமாய் ஒரு குஞ்சுதான் தப்பும். படமெடுக்க நாம் கூட்டை நெருங்கினால் தாய் பறந்துவிடும். முட்டை வெயிலில் கெடும். அல்லது காகத்துக்கு இரையாகும்.

உங்கள் பிள்ளை கமராவோடு புறப்பட்டால் இதைச் சொல்லி அனுப்புங்கள்: பறக்கும் பறவையை எத்தனை படமும் எடுக்கலாம்; கூட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். தொட்டிலருகே அந்நியர் வந்து நின்றால் தாய்க்கு எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?