முதற் சம்பளமும் தெரிந்த ஆளின் காப்புறுதியும்

சட்டன் பகுதிக்குத் தமிழ்க் குடும்பங்கள் இடம்மாறி வருவதன் காரணம் எல்லோரும் அறிந்ததே. வில்சன்ஸ், சட்டன் கிராமர், நொன்சச், வாலிங்டன் எனப் போட்டிப் பரீட்சை மூலம் மாணவரைச் சேர்க்கும் பாடசாலைகள் நிறைந்த பகுதி அது. அந்தப் பரீட்சைக்காகச் சனி ஞாயிறு பாராது ஆண்டுக்கணக்கில் பிள்ளையைத் தனியார் வகுப்புகளுக்கு ஏற்றியிறக்கும் பெற்றோர், அதே பிள்ளை இருபத்திரண்டு வயதில் முதல் வேலையில் சேரும்போது, நிறுவனம் கொடுக்கும் ஒப்பந்தப் படிவங்களை வாசிக்க ஒரு மாலைப்பொழுதைத்தானும் ஒதுக்குவதில்லை. "எங்களுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், காப்புறுதி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு அலுவல் முடிந்துவிடுகிறது. அந்தத் தெரிந்த ஆள் வீடு தேடி வருகிறார், தேநீர் அருந்துகிறார், ஆயுட் காப்புறுதி ஒன்றை விற்றுவிட்டுப் போகிறார். பிள்ளை காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறது.

காப்புறுதி என்றதும் மரணம் மட்டுமே நினைவுக்கு வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஊரில் மரண உதவிச் சங்கம் இருந்தது. சாவு விழுந்தால் செலவுக்குப் பணம் வரும். நோயுற்றுக் கிடப்பவனைக் குடும்பமும் அயலும் பார்த்துக்கொள்ளும், தோட்டத்தை உடன்பிறந்தோர் கவனிப்பர். அந்த ஏற்பாடு அந்த மண்ணுக்குப் பொருந்தியது. இலண்டனில் தனியே வாடகை அறையில் இருக்கும் இளைஞனின் சம்பளத்தை எந்த அயலவர் உழைத்துக் கொடுப்பார்?

அவனை நம்பி வாழ்வோர் எவருமில்லையெனில் ஆயுட் காப்புறுதிக்கு அவசரமேயில்லை. மாணவர் கடன்கூட அவன் இறந்தால் இரத்தாகிவிடும், பெற்றோர் அதைக் கட்டவேண்டியதில்லை. பல நிறுவனங்கள் பணியாளர் இறந்தால் ஆண்டுச் சம்பளத்தின் சில மடங்கைக் குடும்பத்துக்கு வழங்கும் ஏற்பாட்டைத் தாமே வைத்திருக்கின்றன. பணம் யாருக்குச் சேரவேண்டும் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். ஆனால் பிந்திப் புலம்பெயர்ந்த தந்தையின் வீட்டுக் கடனில் மகனின் பெயரும் மகனின் சம்பளமும் சேர்ந்திருக்குமாயின் கணக்கு வேறு. அங்கே ஆயுட் காப்புறுதி தேவைதான்.

இளம் வயதில் மரணத்தைவிட நெருங்கிய ஆபத்து, உயிரோடிருந்தும் உழைக்க முடியாமற் போவதே. முதுகெலும்பு, மனச்சோர்வு, புற்றுநோய், வீதி விபத்து என எதுவும் காரணமாகலாம். தேசிய சுகாதார சேவை சிகிச்சை தரும், வாடகை தராது. சட்டப்படி தொழில்தருநர் வழங்கவேண்டிய நோய்க்காலக் கொடுப்பனவு 2025-26 நிதியாண்டில் வாரத்துக்கு 118.75 பவுண்களே, அதுவும் 28 வாரங்கள் வரை மட்டுமே. முழுக்காலமும் கிடைத்தாலும் 3,325 பவுண்கள். உணவு விநியோகிக்கும் சுயதொழில் இளைஞருக்கு அதுவும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது வருமானக் காப்புறுதி. அதை வாங்குபவர் இரண்டு விடயங்களைக் கட்டாயம் கேட்கவேண்டும். ஒன்று, எத்தனை வாரம் கழித்துப் பணம் வரத் தொடங்கும் என்பது. நிறுவனம் முழுச் சம்பளம் தரும் காலம் முடியும் நாளோடு அதைப் பொருத்திக்கொண்டால் கட்டணம் குறையும். மற்றையது, 'வேலை செய்ய இயலாமை' என்பதற்குப் பத்திரம் கூறும் பொருள். தன் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமையா, எந்த வேலையுமே செய்ய இயலாமையா? கணினிப் பொறியியலாளர் வாயிற்காவலராகவேனும் அமரலாம் என்று சொல்லிப் பணத்தை மறுக்க இடங்கொடுக்கும் பத்திரம் மலிவாகத்தான் இருக்கும்.

அடுத்தது எவரும் வாய்விட்டுப் பேச விரும்பாத விடயம். தமிழ்க் குடும்பங்களில் நோய் ஒரு இரகசியம். மகளுக்கு வலிப்பு வந்ததையும் மகன் மனநல மருத்துவரைப் பார்த்ததையும் கலியாணச் சந்தைக்கு அஞ்சி மறைக்கிறார்கள். தந்தைக்கு நாற்பத்தெட்டில் மாரடைப்பு வந்தது பிள்ளைக்கே சொல்லப்படுவதில்லை. தெற்காசியரிடையே நீரிழிவும் இருதய நோயும் இளவயதிலேயே தலைகாட்டுகின்றன என்பது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. காப்புறுதிப் படிவம் இதையெல்லாம் நேரடியாகவே கேட்கிறது. 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்தோடு உண்மை சொல்வதை வாடிக்கையாளரின் கடமையாக்கியுள்ளது. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரியவந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கலாம், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. அயலவருக்கு மறைத்ததைப் படிவத்திலும் மறைத்துவிட்டு ஆண்டுதோறும் கட்டணம் கட்டுவதால் யாருக்குப் பயன்?

வாகனக் காப்புறுதியில் இந்தப் பொய் இன்னும் சாதாரணமாகிவிட்டது. மகன் நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் காருக்குத் தந்தையே முதன்மைச் சாரதி என்று எழுதிக் கட்டணத்தைக் குறைப்பதை ஒரு சாமர்த்தியமாகக் கொண்டாட்டங்களில் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அது மோசடி. விபத்தில் காயமுற்ற பிறருக்கு நிறுவனம் நட்டஈடு கொடுத்துவிட்டு, அப்பணத்தை அந்தக் குடும்பத்திடமே அறவிட முற்படலாம். காப்புறுதியின்றி ஓட்டியதாக மகன்மீது குற்றஞ்சாட்டப்பட்டால் குறைந்தது ஆறு தண்டப்புள்ளிகள். முதன்முதலாக அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால், 1995ஆம் ஆண்டின் சட்டப்படி அப்பத்திரமே பறிபோகும். சில நூறு பவுண்களை மிச்சம்பிடிக்கத் தந்தை கற்றுக்கொடுத்த தந்திரம் இது.

'தெரிந்த ஆள்' எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்பதல்ல வாதம். பெரிய வங்கிகளே என்ன செய்தன? கடன் கொடுத்தபோது தேவையற்றவர்களின் தலையிலும் கட்டிய கடன்கொடுப்பனவுக் காப்புறுதிக்காக 2011 முதல் ஏறத்தாழ 38 பில்லியன் பவுண்களை அவை திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2019 ஓகஸ்ட் 29 அன்று அதற்கான முறைப்பாட்டுக் காலம் முடிவடைந்தது. வங்கியையே நம்ப முடியாத நாட்டில், தேநீர் அருந்திய உறவு எப்படி உத்தரவாதமாகும்? விற்பவரின் பெயர் நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் உள்ளதா என்பதை இணையத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள்!

ஆண்டுவிழாவுக்கு மண்டபம் எடுத்துப் பட்டிமன்றம் நடத்தும் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் பட்டதாரி இளையோரை அழைத்து, ஒரு காப்புறுதிப் பத்திரத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்ட ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். மண்டபத்தில் விற்பனையாளர் எவரும் இருக்கக்கூடாது. வருமானக் காப்புறுதியையோ ஆயுட் காப்புறுதியையோ வாங்கிய பின்னரும் முப்பது நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யும் உரிமை உண்டு என்பதை அங்கே முதலிற் சொல்லவேண்டும். இன்றோ அந்த முப்பது நாட்களும், பிரிக்கப்படாத உறை சாமிப்படத் தட்டில் கிடந்தபடியே கழிந்துவிடுகின்றன.