மறைவுக்கு யார் விலை கொடுப்பது?

துறவியின் காதலைச் சொல்லும் கதைக்கு வாசகர் என்றுமே குறைந்ததில்லை. அத்தகைய நாவலோ திரைப்படமோ வெளிவரும்போதெல்லாம் நம் கத்தோலிக்க இல்லங்களில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘சமயத்தை இழிவுபடுத்துகிறார்கள், தடை செய்ய வேண்டும்’ என்பது ஒன்று. ‘அவர்களும் மனிதர்கள்தாமே, சட்டம்தான் அவர்களை வதைக்கிறது’ என்பது மற்றொன்று. முன்னதில் சினம் இருக்கிறது. பின்னதில் இரக்கம் இருக்கிறது. ஆனால், அந்தக் காதலின் மறைவுக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை. கதைகளையே சாட்சிக்கு அழைத்து அக்கேள்வியைக் கேட்போம்.

தமிழர் நன்கறிந்த கதை ‘சிவகாமியின் சபதம்’. 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்நாவலில், நாகநந்தி என்னும் புத்த பிக்கு, ஆடற்கலையில் சிறந்த சிவகாமியின்மீது தீராத மோகம் கொள்கிறார். காவியுடை அவருக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறது. ஒற்றனாக உலவவும் அதுவே உதவுகிறது. முடிவில் நேர்வது என்ன? வாதாபியில் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தவள் சிவகாமி. நாற்சந்தியில் ஆட நேர்ந்தவள் சிவகாமி. இல்வாழ்வை இழந்து, காஞ்சி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுத்தவளும் அவளே.

பிரெஞ்சு மொழி பயின்ற மூத்தோர் இன்றும் வாழும் நம் புதுவையில், விக்டர் யூகோ 1831இல் எழுதிய பாரிஸ் நோத்ருதாம் பேராலய நாவலை அறிந்தவர் பலர். அங்கும் ஒரு குருவானவர், அங்கும் ஓர் ஆடல் நங்கை. பேராலயத்தின் உயர் பொறுப்பிலுள்ள ஃப்ரொலோ, கத்திக்குத்தைத் தாம் செய்து, அப்பழி எஸ்மெரால்டாவின் தலையில் விழ விட்டுவிடுகிறார். பின்னர், ‘நான் வேண்டுமா, தூக்குமேடை வேண்டுமா’ என்று அவளிடமே கேட்கிறார். அவள் தூக்குமேடையைத் தேர்கிறாள். இதைக் காதல் என்று அழைப்பது தகுமா?

இக்காலக் கற்பனை உலகங்களும் இதற்கு விலக்கல்ல. நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் ஜெடாய் என்போர் ஒருவகைத் துறவிப் படையினர்; பற்றுக் கொள்ளலாகாது என்பது அவர்கள் நெறி. 2002இல் வந்த படத்தில் அனக்கின் என்னும் இளைஞன் பத்மேயை இரகசியமாக மணக்கிறான். 2005இல் வந்த அடுத்த படத்தில் அந்த இரகசியமே அவனுக்குத் தளையாகிறது. மனைவியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைத் தன் சபையாரிடம் அவனால் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அதை அறிந்துகொண்ட தீயவன் அவனை அடிமையாக்குகிறான். இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுப் பத்மே இறக்கிறாள். குழந்தைகள் ஆளுக்கொரு திசையில் மறைக்கப்படுகின்றனர். கதை எந்த நாட்டிலிருந்து வந்தாலும், கணக்கைத் தீர்ப்பவர்கள் பெண்ணும் குழந்தையுமே!

இதற்கு மாற்றாக நம்மிடமே ஒரு காப்பியம் உண்டு. பறக்கும் மந்திரமும், உருமாறும் மந்திரமும், வற்றாத அமுதசுரபியும் நிறைந்த மணிமேகலையைவிடப் பெரிய கற்பனைக் கதை எது? துறவுநெறிக்கென விடப்பட்ட மணிமேகலையை அரசிளங்குமரன் உதயகுமரன் நாடி வருகிறான். அவன் சென்றபின் அவள் செய்வதைக் கவனியுங்கள். தன்னை இழித்துப் பேசியவன்பின்னும் தன் நெஞ்சு செல்கிறது என்பதைத் தோழி சுதமதியிடம் அவள் மறைக்காமல் சொல்கிறாள். சீத்தலைச் சாத்தனார் துறவுக்கு நேர்ந்த பெண்ணைக் கல்லாக்கவில்லை, கள்ளியாகவும் ஆக்கவில்லை. உள்ளத்தின் சாய்வைச் சொல்லத் துணிந்தவளே பின்னர்ப் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். ஈர்ப்பு வருவது இயல்பு. அதை வெளிச்சத்தில் வைப்பதா, இருளில் வளர்ப்பதா என்பதே வினா.

‘அப்படியானால் சட்டத்தை மாற்றிவிடலாமே’ என்பார் உளர். குருக்களின் மணத்துறவு திருச்சபை வகுத்த ஒழுங்கு. பேதுருவுக்கு மாமியார் இருந்ததை நற்செய்தியே கூறுகிறது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என்று விதித்தது; திரிதெந்து சங்கம் 1563இல் அதை உறுதி செய்தது. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்களும் குருக்களாகின்றனர். ஆகவே இவ்வொழுங்கைப் பற்றி விவாதிக்க இடமுண்டு, விவாதிக்கட்டும். ஆனால், கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டே மறைவில் அதை முறிப்பவர்க்கு அந்த விவாதம் கேடயமாக முடியாது. மணமான கணவனும் மறைவில் பிறழ்கிறான். அதற்காகத் திருமணத்தை நீக்கிவிடவா சொல்கிறோம்?

மேலும், காதல் என்ற சொல்லே பல நேரங்களில் திரையாகிவிடுகிறது. ஆறுதல் தேடி வந்தவருக்கும் ஆறுதல் சொல்லும் அதிகாரம் பெற்றவருக்கும் இடையே சமநிலை இல்லை. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஒருவரைப் பாலியல் செயலுக்கு உட்படுத்துவதைக் குற்றமென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணை வெளிப்படையாகக் கூறுகிறது. நாவலாசிரியர் நிலவொளி பூசும் இடத்தில் சட்டம் காயத்தைக் காண்கிறது. அதே ஆண்டில், குழந்தைக்குத் தந்தையாகும் குருக்களைக் குறித்துத் தன்னிடம் உள்வழிகாட்டுதல் இருப்பதை வத்திக்கான் ஒப்புக்கொண்டது. குழந்தையின் நலனே முதன்மை. தந்தையானவர் குருத்துவ நிலையிலிருந்து விலகித் தம் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். விலக விரும்பும் குருவுக்கு மணத்துறவுக் கடமையிலிருந்து விடுப்பு வழங்கத் திருச்சபையில் வழி இருக்கிறது. விடுப்புப் பெற்றவர் ஆலயத்திலேயே திருமணம் செய்துகொள்ளலாம். திருத்தந்தை திறந்து வைத்த அந்தக் கதவைச் சாத்துபவர்கள் பொதுநிலையினராகிய நாமே அல்லவா? நேர்மையாக விலகி வந்தவரை ‘சபையை விட்டு ஓடியவர்’ என்கிறோம். மடத்திலிருந்து திரும்பிய பெண்ணைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. அவர்கள் தங்கைக்கு வரன் வந்தால், அதையே குறையாகப் பேசித் தட்டிக் கழிக்கிறோம். மறைவில் இரட்டை வாழ்வு வாழ்பவர் என்று ஊரே முணுமுணுக்கும் ஒருவர் வந்தாலோ, எழுந்து நின்று கைகூப்புகிறோம். உண்மை சொன்னவனுக்குத் தண்டனையும், மறைத்தவனுக்கு மாலையும் தருகின்ற ஊரில் எவன் உண்மை சொல்வான்?

நாவல்களைத் தடை செய்யக் கோருவதில் பயனில்லை. திருச்சபையின் தடைநூல் பட்டியலே 1966இல் சட்ட வலிமை இழந்துவிட்டது. நம் பிள்ளைகள் படிக்கட்டும், பார்க்கட்டும். படித்து முடித்ததும் அந்தப் பெண் என்னவானாள், அந்தக் குழந்தையை யார் வளர்த்தார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் பங்கிலும் அதைக் கேட்கும்.

அத்துடன் இன்னொன்றும் செய்யலாம். வாக்கை மாண்புடன் காத்து வாழும் குருக்களையும் கன்னியரையும் தனிமையில் விட்டுவிடாமல் உறவினராக ஏற்போம். வாக்கினின்று வெளிப்படையாக விடுப்புப் பெற்று, மனைவி மக்களோடு நம் தெருவில் வாழ்பவரையும் ஒதுக்காதிருப்போம். அடுத்த முறை நம் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பிதழ் எழுதும்போது, உறையின்மேல் அவர் பெயரும் இருக்கட்டும். அவருடைய மனைவியின் பெயரும் இருக்கட்டும்.