பழைய பெட்டியைத் திறந்தபோது

விளையாடுவதற்குப் புதிய கணினி வேண்டுமென்றான் மகன். கடைக்காரரும் பழையதை ஒதுக்கிவிடச் சொன்னார். இருவரோடும் நான் உடன்படவில்லை. எங்களுடையது 2017இல் வாங்கிய ஏஎம்4 மதர்போர்டு. உரிய பயாஸ் புதுப்பிப்பை ஏற்றியபின், 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 புராசஸரை அது ஏற்றுக்கொள்கிறது. ரேம், கேபினெட், திரை மூன்றும் அப்படியே நீடிக்கும். மிஞ்சும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும். பெரும்பாலான விளையாட்டுகளின் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமான ஒன்று பழுதானால் பிற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும்.

இயங்கும் பொருளைக் குப்பையாக்குவதே வளர்ச்சி என்று வகுப்பில் சொல்ல எனக்கு நா எழாது. மகனிடம் மட்டும் எப்படிச் சொல்வேன்? திருப்புளியை அவன் கையில் கொடுத்தேன். புதிதாக வாங்கித் தந்திருந்தால் இத்தனை கேள்விகள் கேட்டிருக்க மாட்டான்.