அயற்கருவியும் நம் இசையும்

பிற நாட்டிலிருந்து வந்த பொருள் எதுவாயினும் அது நமக்கு அயலானதே என்று கருதுவோர் உளர். புதியது எதுவாயினும் அதுவே சிறந்தது என்று மயங்குவோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றனரேயன்றி, அதனைக் கொண்டு ஆற்றப்பட்ட செயல் யாது என்று அவர்கள் நோக்குவதில்லை.

கடலூர் மாவட்டத்தில், சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் வேப்பூர். அதற்குக் கிழக்கே உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர் பெற்றது. பீங்கான் செய்யும் கலை சீன நாட்டில் தோன்றியது. ஆயினும், களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு விருத்தாசலத்துத் தொழிலாளர் ஆக்கித்தரும் கலங்களைச் சீனப் பொருள் என்று எவரும் கூறார். கலை கடல் கடந்து வந்தது. உழைப்பு அதனை இம்மண்ணுக்கு உரியதாக்கியது. இசைக்கருவிகளின் வரலாறும் இத்தகையதே.

வயலின் ஐரோப்பியக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டில் அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கினர். மேலைநாட்டார் அதனைத் தோளில் தாங்கி வாசிப்பர். நம் கலைஞரோ தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கின்றனர். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பினின்று விடுபட்டு, தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்கின்றது. கமகங்கள் குழைந்து பிறக்கின்றன. இசைக்காகக் கருவி வளைந்தது. கருவிக்காக இசை வளையவில்லை.

வயலினைவிடக் கடினமான சோதனை ஒன்று 20ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. சாக்சபோன் என்பது பெல்ஜிய நாட்டவராகிய அடோல்ஃப் சாக்ஸ் படைத்து, 1846இல் உரிமைப் பதிவு பெற்ற கருவி. படைகளின் வாத்தியக் குழுக்களிலும், பின்னர் அமெரிக்க ஜாஸ் இசையிலும் அது இடம்பெற்றது. நாகசுவரத்தில் துளைகளை விரல்களே நேராக மூடித் திறக்கும். விரலைச் சிறிது விலக்கியும் மூச்சைக் கட்டுப்படுத்தியும் சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளை எழுப்பலாம். சாக்சபோனிலோ துளைகளை உலோக மூடிகள் அடைக்கின்றன. ஆதலால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இழைந்து செல்வது அதில் எளிதன்று. கருநாடக இசைக்கு அது பொருந்தாது என்று எண்ணுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர் கதிரி கோபால்நாத். அவர் கருநாடக மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் 1949இல் பிறந்தார். தந்தையாரிடம் முதலில் நாகசுவரம் பயின்றார். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் உள்ளம் ஈர்க்கப்பட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் இசை கற்றார். கருவியில் சில மாற்றங்களைச் செய்து, பல்லாண்டு இடையறாது பயின்று, கமகங்களை அதில் ஒலிக்கச் செய்தார்.

அவரது ஆற்றல் ஓர் அரங்கிற்குள் அடங்கவில்லை. 1980இல் மும்பையில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி அவருடன் இணைந்து வாசித்தார். 1994இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்து இசைவிழாவில் கோபால்நாத் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வாயிலாக, இசையரங்கு காணாத எளிய மக்களும் அவர் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பாவுடன் அவர் இணைந்து வாசித்த இசைத்தொகுப்பு 2008இல் வெளிவந்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019இல் மறைந்தார்.

இத்தனை துறைகளில் அவர் புகழ் பெற்றது எதனால்? பலவற்றைச் சிறிது சிறிதாகக் கற்றதனால் அன்று. ஒன்றை ஆழமாகக் கற்றதனால். ஜாஸ் கலைஞர்கள் அவரிடம் விரும்பியது ஜாஸ் இசையை அன்று. அது அவர்களிடமே உண்டு. தம் நாட்டுக் கருவியில் தாம் கேட்டிராத இராகத்தையே அவர்கள் விரும்பினர். வேரூன்றிய மரமே பல திசைகளிலும் கிளை பரப்பும்.

சாக்சபோன் பெருகினால் நாகசுவரம் கேட்பாரற்றுப் போகும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. திருமண வீடுகளில் நாகசுவரத்தின் இடத்தில் சாக்சபோன் ஒலிப்பதை இன்று காண்கின்றோம். ஆனால் இக்குறை கருவியினுடையது அன்று. புதுமை ஒன்றையே கருதிக் கலைஞரை அழைப்போருடையது. கோபால்நாத்தின் இசைக்கு முதல் அடிப்படை அவர் தந்தையாரின் நாகசுவரமே ஆகும். அந்த ஊற்று வறண்டுவிடின், அதிலிருந்து பிறந்த புதிய ஆறும் நாளடைவில் வறண்டுவிடும். ஆதலால், சாக்சபோனைப் போற்றுவோர்க்கு நாகசுவரத்தைக் காக்கும் கடமை மற்றவரினும் மிகுதியாக உண்டு.

மாணவர் இவ்வரலாற்றினின்று உணர வேண்டுவது ஒன்று உண்டு. புதியதை அஞ்சி ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. பழையதை நாணி மறத்தலும் அறிவுடைமை ஆகாது. தம் முன்னோர் தந்த செல்வத்தை ஐயமறக் கற்றவர், உலகின் எக்கருவியையும் அச்சமின்றிக் கையில் எடுக்கலாம். அவர் கைப்பட்ட கருவி நாளடைவில் நம்முடையதாகிவிடும்.