சிங்கத்தை எடைக்குப் போட்டோம்!

காஞ்சிபுரத்துக்காரர்கள் நாங்கள். பட்டுப்புடவை என்றால் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்போம். வெள்ளிப் பாத்திரத்தை மட்டும் ஏனோ கண்ணை மூடிக்கொண்டு எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

மாமனாரின் தாத்தா ஒரு வெள்ளைக்காரரிடம் குமாஸ்தாவாக இருந்தபோது கிடைத்த பால் ஜாடி எங்கள் வீட்டில் இருந்தது. நாத்தனார் பெண் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்க அதைக் கடைக்குக் கொண்டு போனோம். "சுத்த வெள்ளி இல்லேம்மா, கலப்படம்" என்று ஏகத்துக்கும் கழித்துவிட்டார் கடைக்காரர்.

என் மகள் ஜாடியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பிறகுதான் சொன்னாள், அடியில் இருந்த நடக்கிற சிங்கம் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் முத்திரையாம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி நெளியும் என்பதால் சேர்ப்பது, ஏமாற்ற அல்ல. பக்கத்தில் உள்ள எழுத்து செய்த வருஷத்தைச் சொல்லுமாம். பழைய வேலைப்பாட்டுக்கு எடையைவிடக் கூடுதல் விலை கிடைப்பதும் உண்டாம். வயிறு எரிந்தது!

சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் செய்த, சாமி உருவங்கள் புடைத்த டீ செட்டுகளில் இந்தச் சிங்கம் இருக்காது. அதற்காக மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 'சாமி சில்வர்' என்று வெளிநாட்டில் தேடி வாங்குகிறார்கள். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் மட்டும் வெறும் முலாம்தான்.

சகோதரிகளே, அடியைப் புரட்டிப் பார்த்து, இரண்டு இடத்தில் விசாரித்த பிறகு கொடுங்கள். எங்கள் ஜாடி இந்நேரம் யார் கால் மெட்டியாகவோ ஆகியிருக்கும்.

- ஒரு வாசகி, சின்ன காஞ்சிபுரம்