வசையும் மிரட்டலும் ஒன்றல்ல

சொல்ல உரிமை உண்டு. ‘கொல்வேன்’ என்று சொல்ல உரிமை இல்லை. இத்துணை எளிய உண்மையை ஐயத்திற்கு இடமின்றி எழுதிவைக்க உலக நாடுகளின் சட்டங்கள் இன்னும் தடுமாறுகின்றன. இணையம் வந்தபின் அத்தடுமாற்றம் பன்மடங்கு பெருகிவிட்டது. ஒரு சாரார் பேச்சுரிமை என்னும் கொடியைத் தூக்கிப் பிடித்து, எவரும் எதனையும் எழுதலாம் என்கின்றனர். மறுசாராரோ, பிறர் மனம் புண்பட எழுதுவோர் அனைவரையும் சிறையில் அடைக்க வேண்டும் என்கின்றனர். எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போல் தோன்றினும் இருவரும் செய்யும் பிழை ஒன்றே. வசையையும் மிரட்டலையும் இவர்கள் ஒரே மூட்டையில் கட்டுகின்றனர். முன்னவர் வசையைக் காக்கப் புகுந்து மிரட்டலுக்கும் அரணாகின்றனர். பின்னவர் மிரட்டலை ஒடுக்கப் புகுந்து நேர்மையான கண்டனத்தின் கழுத்தையும் நெரிக்கின்றனர்.

வசை என்பது யாது? மிரட்டல் என்பது யாது? வசை கேட்பவன் மனத்தைச் சுடும். அவன் அதற்கு மறுமொழி கூறலாம். புறக்கணித்து அப்பால் செல்லலாம். மிரட்டல் அத்தகையதன்று. உயிருக்கோ உடைமைக்கோ உற்றாருக்கோ தீங்கு வரும் என்று அறிவித்து, அச்சத்தால் அது கேட்பவன் வாயைக் கட்டிவிடுகிறது. வசைக்குப் பின்னும் உரையாடல் தொடரக்கூடும். மிரட்டலுக்குப் பின் உரையாடலே இல்லை. இவ்வேறுபாட்டை மறந்த சட்டம் எளியவரையும் காக்காது, உரிமையையும் காக்காது.

நூறு வெள்ளித் தண்டம்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சமூக ஊடகத்தில் பலர் அறிந்த இந்தியப் பெண்மணி ஒருவர் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். டிக்டாக் வழியே தமக்கு வந்த இழிசொற்களையும் மிரட்டல்களையும் குறித்து அவர் முன்னரே காவல்துறையில் புகார் அளித்திருந்தார். அவர் இறந்தபின் வழக்குகள் எழுந்தன. ஒருவர் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். மற்றொருவர்மீது 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டமும் பாய்ந்தது. அதன் 14ஆம் பிரிவின்கீழ் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் நூறு ரிங்கிட். அப்பிரிவு விதிக்கக்கூடிய உச்சத் தண்டமே அவ்வளவுதான்! தெருச்சண்டையில் வாய்த்தகராறு செய்வோருக்காக இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு, உலகெங்கும் ஒரு நொடியில் பரவும் சொல்லை அளந்தால் வேறென்ன கிடைக்கும்? நாடு வெகுண்டதில் வியப்பில்லை.

அந்த வெகுளி வீண்போகவில்லை. தண்டனைச் சட்டத்தொகுப்பில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. ஒருவரைத் தூண்டிவிட, அதனால் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாலோ மாய்த்துக்கொண்டாலோ, தூண்டியவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது அவற்றுள் ஒன்று. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. மிரட்டும் சொல், ஏசும் சொல், இழிவுபடுத்தும் சொல் ஆகிய மூன்றையும் 507பி பிரிவு ஒரே மூச்சில் அடுக்குகிறது. சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டமும் அவ்வாறே அடுக்குகிறது. துன்புறுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது காப்பாக இருப்பினும், ஒரே வரியில் நிற்கும் மூன்று சொற்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு நீதிபதியின் தலையில் விழுகிறது. சட்டம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அகல விரித்த வலை

வலையை அகல விரித்தால் சுறா மட்டுமே சிக்கும் என்று எண்ணுவோர் பிரிட்டனின் கதையை அறிதல் நலம். 2010ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பனிப்பொழிவால் ஒரு விமான நிலையம் மூடப்பட்டது. தம் பயணம் தடைப்படுமோ என்று சலிப்புற்ற இளைஞர் ஒருவர், ஒரு வாரத்திற்குள் சீர்செய்யாவிட்டால் நிலையத்தையே தகர்த்துவிடப் போவதாக டுவிட்டரில் வேடிக்கையாக எழுதினார். நண்பர்கள் சிரித்தனர், சட்டம் சிரிக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் தொடர்புச் சட்டத்தின் 127ஆம் பிரிவு அவர்மீது பாய்ந்தது. குற்றவாளி எனத் தீர்ப்பாகித் தண்டம் கட்டினார்; வேலையையும் இழந்தார். அது எவரையும் அச்சுறுத்தாத வெற்றுக் கேலி என்று உயர்நீதிமன்றம் அறிந்து அவரை விடுவித்தது 2012 ஜூலையில்தான். கேலியையும் மிரட்டலையும் பிரித்தறிய ஒரு நாட்டின் நீதித்துறைக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தேவைப்பட்டன!

இந்தியாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைந்ததை ஒட்டி மும்பை நகரம் முடங்கியது. அம்முடக்கம் எதற்கு என்று பால்கர் என்னும் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் வினவினார். அவர் தோழி அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைதாயினர். எரிச்சலூட்டுவதும் இடையூறு செய்வதும்கூட மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாகலாம் என்றிருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சல் என்பதற்கு அளவுகோல் யாது? எவருக்கு வரும் எரிச்சல்? 2015 மார்ச் 24ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. விவாதிப்பதும் ஒரு கருத்தை வலியுறுத்துவதும் உரிமை; அது தூண்டிவிடுதல் என்னும் கட்டத்தை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்று அது வரையறுத்தது.

66ஏ வீழ்ந்ததால் மிரட்டுவோருக்கு விடுதலை கிடைத்துவிட்டதா? இல்லை. 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவே மிரட்டல் இன்னதென்று இலக்கணம் வகுத்திருந்தது. ஒருவரின் உடலுக்கோ நற்பெயருக்கோ உடைமைக்கோ, அவர் அன்பு கொண்டோருக்கோ தீங்கு செய்வதாகக் கூறி அவரைக் கலங்கச் செய்ய எண்ணுவதும், செய்ய வேண்டாததைச் செய்விக்க எண்ணுவதும் குற்றம் என்பது அதன் சாரம். பெயர் மறைத்து மிரட்டுவோருக்கு 507ஆம் பிரிவு கூடுதல் தண்டனை வைத்திருந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்கள் அந்த இந்தியச் சட்டத்தின் வழிவந்தவை. இந்நாடுகளிலும் குற்றமுறு மிரட்டலுக்குரிய பிரிவின் எண் 503தான். இந்தியாவில் 2024 ஜூலை முதல் பெயரும் எண்ணும் மாறிப் புதிய சட்டத்தின் 351ஆம் பிரிவாயிற்று, பொருள் மாறவில்லை. தொலைபேசி பரவாத காலத்தில் எழுதிய இலக்கணம் இணையத்தில் வரும் மிரட்டலுக்கும் பொருந்துகிறது. அதற்குக் காரணம், அது சொல்லின் கடுமையை அளக்கவில்லை; சொல்பவன் நோக்கத்தை அளந்தது.

அமெரிக்கா காட்டும் அளவுகோல்

பேச்சுரிமைக்கு அமெரிக்கா அளிக்கும் இடம் பெரிது. 1791ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதற்கு அரணாக உள்ளது. போருக்குத் தம்மை அழைத்துத் துப்பாக்கியைக் கொடுத்தால் முதலில் அதிபர் ஜான்சனையே குறிபார்ப்பதாக ஓர் இளைஞர் கூட்டத்தில் பேசியதை, அரசியல் மிகைக்கூற்று என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1969இல் விட்டுவிட்டது. ஆயினும் மெய்யான மிரட்டலுக்கு முதல் திருத்தம் அடைக்கலம் தராது என்பதையும் அதே மன்றம் தெளிவாக்கியது.

அவ்வாறாயின் மெய்யான மிரட்டலை எவ்வாறு அறிவது? 2023ஆம் ஆண்டு வந்த கொலராடோ வழக்கு இவ்வினாவை எழுப்பியது. அறிமுகமற்ற ஒருவர் ஒரு பாடகிக்கு முகநூலில் நூற்றுக்கணக்கான செய்திகளை அனுப்பினார். அவர் தடுத்தும் புதுப்புதுக் கணக்குகளில் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. சில அவர் சாவை விரும்பின. பாடகி உறக்கம் இழந்தார், நிகழ்ச்சிகளைக் கைவிட்டார். கேட்பவர் அஞ்சினார் என்பது மட்டும் போதாது. தம் சொல் மிரட்டலாகக் கொள்ளப்படக்கூடும் என்று அறிந்தும் எழுதியவர் பொருட்படுத்தாமல் எழுதினார் என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எழுதியவர் உள்ளத்தை நோக்க வேண்டும் என்னும் நெறி சரியே. விமான நிலையக் கேலிக்காரரை அந்நெறி முதல் நாளிலேயே காத்திருக்கும். ஆனால் இந்நெறியை ஆரவாரத்துடன் வரவேற்போர், பாடகி பாடாமற்போன மேடையை எண்ணிப் பார்த்தனரா? அவர் பாட்டும் பேச்சுரிமை அன்றோ? அங்கே பறிபோனது யாருடைய உரிமை?

எழுதுவோர் வாய் அடைக்கப்படுவது தமிழுலகம் அறியாததன்று. ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகன் பட்ட பாடு அதற்குச் சான்று. கொந்தளித்த கூட்டத்தின் அச்சுறுத்தலுக்கும், அமைதிப் பேச்சு என்னும் பெயரில் வந்த அழுத்தத்திற்கும் ஆளான அவர், இனி எழுதுவதில்லை என்று 2015 ஜனவரியில் முகநூலில் அறிவித்தார். எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்னும் பொருள்படச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்த பின்னரே அவர் எழுதுகோலை மீண்டும் எடுத்தார். ஒரு நாவலை வெறுக்க எவருக்கும் உரிமை உண்டு; கடுமையாகக் கண்டிக்கவும் உரிமை உண்டு. எழுதியவன் ஊரில் இருக்க முடியாது என்று அச்சுறுத்த உரிமை இல்லை. ஆதலின் மிரட்டுவோரைத் தண்டிப்பது பேச்சுரிமைக்குச் செய்யும் குறுக்கீடன்று. அதற்குச் செய்யும் காவல்.

எல்லை கடந்த அச்சம்

மிரட்டுவோன் ஒரு நாட்டிலும் மிரட்டப்படுவோர் வேறொரு நாட்டிலும் செய்தியைச் சுமக்கும் நிறுவனம் மூன்றாம் நாட்டிலும் இருக்கும் காலம் இது. நாசி காலப் பொருள்களின் ஏல விற்பனையைப் பிரெஞ்சு மக்கள் காணாதவாறு தடுக்க வேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்திற்கு ஆணையிட்டது. அவ்வாணை அமெரிக்காவில் செல்லாது என்று 2001இல் கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று கூறியது. 2006இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பும் நிலைக்கவில்லை. ஒரு நாடு குற்றம் என்பதை இன்னொரு நாடு உரிமை என்றால் வழக்கு இவ்வாறுதான் இழுபடும்.

இங்கேதான் வசைக்கும் மிரட்டலுக்கும் உள்ள வேறுபாடு பயன் தருகிறது. எது இழிவு, எது தெய்வ நிந்தனை, எது அரசை அவமதித்தல் என்பதில் நாடுகள் என்றும் ஒத்துப்போகமாட்டா. உன்னைக் கொல்வேன் என்று உள்ளபடியே அச்சுறுத்துவது குற்றம் என்பதில் வாஷிங்டனும் லண்டனும் புதுடில்லியும் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் வேறுபடவில்லை. இரு நாட்டிலும் குற்றமாக இருப்பதற்கே நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவது நெடுநாள் மரபு. ஐக்கிய நாடுகள் சபை 2024 டிசம்பரில் ஏற்ற இணையக் குற்றத் தடுப்பு உடன்படிக்கை, 2025 அக்டோபரில் ஹனோயில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. நாடுகளின் ஒத்துழைப்பு மெய்யான மிரட்டலைத் துரத்தட்டும். அயல்நாட்டில் இருந்து ஆட்சியைக் கண்டிப்போரைத் துரத்தும் கருவியாக அது மாறுமாயின், மருந்தே நஞ்சாகும்.

வள்ளுவர் வைத்த இடம்

கடுஞ்சொல்லுக்குச் சிறை கேட்போர் உடனே வள்ளுவரைத் துணைக்கு அழைப்பர். நாவைக் காக்கச் சொன்னவர் அவரன்றோ என்பர். உண்மையே. ஆனால் அவர் அதனை எங்கே சொன்னார் என்பதை நோக்க வேண்டும். நாவடக்கத்தை அவர் அறத்துப்பாலில் அடக்கமுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். அது தனிமனிதன் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. பொருட்பாலில் ஆள்வோனை நோக்கிப் பேசும்போதோ, செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்பை இறைமாட்சியில் வேண்டினார். குடிகள் அஞ்சும்படி நடவாதே என்று சொல்ல வெருவந்த செய்யாமை என்னும் தனி அதிகாரமே வகுத்தார். இன்சொல் பேசுவது பண்பு. கசப்பைப் பொறுப்பது அரசின் கடமை. அச்சுறுத்துவது எவருக்கும் ஆகாது. இந்த மூன்றும் மூன்று இடங்களில் நிற்பதைக் காணாமல் ஒரு குறளை மட்டும் பிடுங்கிச் சட்டத்தின் தலைப்பில் ஒட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் நீதியன்று.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் புகட்டத் தமிழாசிரியரைவிடத் தகுதியுடையோர் யாவர்? ஒரு தொடரின் பொருள் சொற்களில் மட்டும் இல்லை. சொல்வோன், கேட்போன், இடம், நோக்கம் ஆகியவற்றிலும் உள்ளது என்பதை இலக்கணத்தின் வழியே நாள்தோறும் கற்பிப்போர் அவர்களே. கைப்பேசியில் வரும் ஒரு தொடரை முன்வைத்து மாணவரிடம் நான்கு வினாக்கள் எழுப்பலாம். இது யாரை நோக்கியது? இன்ன தீங்கு வரும் என்கிறதா? பெறுபவர் அதனை மெய்யென்று கொள்வாரா? எழுதியவர் அதனை அறிவாரா? நான்கிற்கும் ஆம் என்னும் விடை வருமாயின் அது கருத்தன்று, குற்றம். அதனைப் படியெடுத்து வைத்துப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் காவல்துறையிடமும் சேர்ப்பிக்க மாணவர் பழக வேண்டும். முதல் வினாவிலேயே இல்லை என்று வருமாயின், அது எத்துணைக் கசப்பாயினும், அதற்கு மருந்து மறுமொழியே அன்றிச் சிறையன்று.

மிரட்டலுக்கு நூறு வெள்ளி என்பதும் மடமை. வினாவுக்குக் கைவிலங்கு என்பதும் மடமை. இவ்விரு மடமைகளுக்கும் வேர் ஒன்றே. அவ்வேரை நாடாளுமன்றம் ஒரு பக்கம் வெட்டட்டும். தமிழ்ப்பள்ளி மறுபக்கம் வெட்டட்டும். அச்சமின்றிப் பேசவும் பிறரை அஞ்சவைக்காமல் பேசவும் கற்ற தலைமுறையே, சட்டம் எழுதத் தவறியதையும் தன் வாழ்வில் எழுதிக் காட்டும்.