கைப்பிடி அரிசியின் பலம்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அட்வென்ட் நாட்களின் மூன்றாம் ஞாயிறு. தெருத்தெருவாகக் கீத பவனி போக வேண்டிய வாரம். அன்றைக்குப் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ. ஓராண்டு முழுவதும் அங்கே பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம். தாமிரபரணி இரு கரையும் புரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவாயின. வாழை, நெல், ஆடு, மாடு என்று போனது போனதுதான். கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள்.

"ஆண்டவர் ஏன் இப்படி விட்டார்?" என்று அந்த வாரம் பலரும் கேட்டார்கள். கேட்டதில் தவறே இல்லை. யோபு கேட்டான், எரேமியா கேட்டான், புலம்பல் என்றே ஒரு புத்தகம் வேதத்துக்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை சொல்ல முந்திக்கொண்டு வருகிறவர்களின் அவசரமும் எனக்கு உவப்பில்லை. சகலத்தையும் இழந்து நனைந்த பாயில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், உன் பாவத்துக்குத் தண்டனை என்று சொல்வது யோபுவின் நண்பர்கள் செய்த அதே பிழை. நான் சொல்ல நினைப்பது, இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் விசுவாசம் மனிதரை எப்படித் தாங்கி வந்திருக்கிறது என்பதை. அந்தப் பலம் வெள்ளம் வந்த அன்று திடீரென்று வந்து இறங்குவதில்லை. ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்ததுதான் அன்றைக்குக் கைகொடுக்கிறது.

நெல்லைத் திருச்சபைகளின் கைப்பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆச்சி உலை வைக்கும் முன் அரிசியை உழக்கால் அளப்பார். அளந்து முடித்ததும், அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் ஓலைப்பெட்டியில் போடுவார். உதடு மட்டும் அசையும், அதுதான் ஜெபம். பானையில் இருப்பதை எடுக்காமல், அளந்து வைத்த அரிசியில் இருந்து எடுப்பதில்தான் சங்கதி இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரு கவளம் குறையும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஏலம் விட்டு வரும் பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முன்னின்று 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளை நம்பி வளர்ந்த சங்கம். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. இருப்பவர் மிச்சத்தைக் கொடுப்பது தர்மம். இல்லாதவரும் தன் சோற்றில் இருந்து எடுத்து வைக்கும்போது, 'நாளைக்கும் ஆண்டவர் தருவார்' என்ற நம்பிக்கையைத் தினம் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கிறார். அப்படிப் பழகிய கை, வீட்டுக்குள் தண்ணீர் வந்த அன்றும் பக்கத்து வீட்டுக்கு நீளும்.

இப்படி முன்கூட்டியே சேர்த்து வைப்பது இங்கே பழைய பாடம். விசுவாசத்துக்கு வந்ததற்காகத் துரத்தப்பட்டவர்களுக்கென்று நிலம் வாங்கி, தாவீது சுந்தரானந்தம் முன்னின்று 1799இல் உருவாக்கிய ஊர்தான் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்கான சங்கம் அது. அடி விழும் என்று தெரிந்தே, விழுகிறவன் தங்குவதற்கு இடத்தை முன்கூட்டியே தேடி வைத்தார்கள்.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே வாட்டியது. 1877 மார்ச்சில் ஆயரான கால்டுவெல்லின் முதல் நாட்கள் பஞ்ச நிவாரணத்தில் கழிந்தன. அவர் இடையன்குடியில் 1847 வாக்கில் எழுப்பத் தொடங்கிய ஆலயம், பஞ்சத்தையும் கடந்து 1880இல்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசித்தவன் சோறு தேடி வருவதில் என்ன வெட்கம்? பஞ்சத்தில் தனக்குச் சோறு போட்டவர்கள் யாரை நம்பிப் போடுகிறார்கள் என்று அவன் கேட்பதும் இயல்புதானே.

இரக்கத்தை ஆண்டவர் சபைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை என்பதையும் அதே 2023 வெள்ளம் காட்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தவித்தபோது, புதுக்குடி ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்துப் போட்டார்கள். எந்த ஊர், எந்த மதம் என்று அவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. நல்ல சமாரியனின் கதையைச் சின்ன வயதிலேயே படித்த நாம் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நன்றி சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

வெள்ளமாவது வடிந்துவிடும். வடியாத துன்பம் ஒன்று உண்டு. களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. 1901 முதல் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர் ஏமி கார்மைக்கேல். 1931 அக்டோபரில் இருட்டில் ஒரு குழியில் விழுந்தார். அதோடு நடமாட்டம் போயிற்று. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். குணமாக வேண்டும் என்று எத்தனையோ பேர் முழங்காலில் நின்றார்கள். குணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் இருந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். அதில் ஒன்று, நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதங்களாகத் தொடங்கியது, 1933இல் வெளிவந்தது. சுகமாக இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் நோயாளிக்கு ஒட்டாது என்பதை அவர் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கல்லறையில் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

ஜெபம் செய்தால் கஷ்டம் தீரும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிற பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கட்டில் நினைவுக்கு வரும். கஷ்டம் தீராத வீட்டில் அந்தப் பிரசங்கம் என்ன செய்யும்? விசுவாசம் குறைவு என்று அந்தக் குடும்பத்தை இன்னும் ஒருமுறை அடிக்கும். தீராத இடத்திலும் கூட இருக்கிற ஆண்டவரைத்தான் சிலுவை நமக்குக் காட்டுகிறது.

46ஆம் சங்கீதத்தை இந்த ஆற்றங்கரையில் இருந்து வாசித்துப் பாருங்கள். கடல் கொந்தளித்து மலைகள் அதிர்கிற அதே பாட்டில், நகரத்தை மகிழவைக்கும் ஒரு நதியும் ஓடுகிறது. நமக்கு அது புரியும். வீட்டுக்குள் புகுந்ததும் தாமிரபரணிதான்; கார், பிசானம் என்ற இரு போக நெல்லுக்கும் தண்ணீர் தருவதும் அதே தாமிரபரணிதான். வெள்ளம் வடிந்த பிறகு அந்தத் தண்ணீரை நம்பித்தான் மறுபடி நாற்றுப் பாவினார்கள். பயம் போன பிறகு நட்டதாக நான் நினைக்கவில்லை, பயத்தோடேயே நட்டார்கள். விசுவாசம் என்று நான் சொல்வதும் அதைத்தான்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு சேகரமும் ஒரு வேலை செய்யலாம். படுக்கையில் இருப்பவர், நடக்க முடியாத முதியவர், தனியே இருக்கும் விதவை, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சபை உறுப்பினர் வீடுகளோடு நிறுத்திவிடாமல், தெரு முழுவதையும் எழுதுங்கள். தண்ணீர் ஏறினால் யார் வீட்டுக்கு யார் போவது என்று பெயர் போட்டு வையுங்கள். ஆலயத்தின் மேட்டு அறையில் அரிசியும் மருந்தும் பாயும் இருக்கட்டும். ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியல் எழுதிவிடலாம். அதுவும் ஆராதனைதான், இந்த ஞாயிறே தொடங்குவோம்.